ஆட்டுத் தோல் உரிக்க எந்தக் கத்தி வாங்கலாம்?

கேள்வி: வியாசர்பாடியில் சித்தப்பாவின் மட்டன் கடையில் வேலை பார்க்கிறேன். தை பிறந்ததும் கொடுங்கையூரில் சொந்தமாகக் கடை போடப் போகிறேன். விடியற்காலையில் புளியந்தோப்பு ஆடுதொட்டிக்கு, அதாவது ஆடு அறுக்கும் கூடத்துக்குப் போய்த் தோல் உரிப்பது இதுவரை சித்தப்பா கத்தியில்தான். டெக்சாஸில் இருக்கும் மச்சான், அங்கே மான் தோல் உரிக்கும் கத்தி ஒன்றைப் படம் எடுத்து அனுப்பி, "ஊருக்கு வரும்போது வாங்கி வரட்டுமா?" என்று கேட்கிறார். முதுகில் கொக்கி வைத்த கத்தி. நம் பணத்தில் ஆறாயிரம் ஆகுமாம். என்னால் எழுநூறு ரூபாய்க்கு மேல் போட முடியாது. அந்தக் கத்தி தேவையா? நம் ஊரில் என்ன வாங்கலாம்? நான் இடதுகைக்காரன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.
– வாசகர், வியாசர்பாடி

பதில்: தம்பி, மச்சானிடம் வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கத்தி நல்ல கத்தியாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் வேலைக்கு ஆகாது.

அமெரிக்காவில் உரிமம் வாங்கி வேட்டைக்குப் போகிறவர், மான் விழுந்த இடத்திலேயே மண்டியிட்டு அதன் வயிற்றைத் திறக்க வேண்டும். கத்தி முனை குடலில் பட்டால் சாணம் கசிந்து இறைச்சி பாழாகிவிடும். அதற்காகத்தான் அந்தக் கொக்கி. தோலில் சின்னதாக ஒரு கீறல் போட்டு, கொக்கியை உள்ளே மாட்டி இழுத்தால் தோல் மட்டும் பிரியும், குடல் தப்பிக்கும். அதே கத்தியால் மூட்டையும் நெம்ப வேண்டியிருப்பதால் அலகு குட்டையாகவும் தடிமனாகவும் இருக்கும். பெரும்பாலும் மூன்றிலிருந்து நான்கு அங்குலம். எஃகும் நம் கசாப்புக் கத்தியைவிடக் கடினமாக இருக்கும். காட்டில் தீட்டக் கல் கிடைக்காது, கூர் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்று அப்படிச் செய்கிறார்கள்.

உங்களுக்கு ஆடு கொக்கியில் தொங்குகிறது. வெளிச்சம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, பக்கத்தில் ஆள் இருக்கிறார். அங்கே அந்த முதுகுக் கொக்கிக்கு வேலையே இல்லை. செம்மறி மயிரும் கொழுப்பும் அதன் வளைவில் அடைத்துக்கொள்ளும். அதைத் தீட்ட உருண்டை அரம் வேண்டும், நம் தட்டைக் கல் உள்ளே போகாது. தடித்த அலகு தோலுக்கும் சதைக்கும் நடுவே வழுக்கிப் போகாமல் ஆப்பு மாதிரி சிக்கிக்கொள்ளும்.

மான் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் மான் வேட்டை குற்றம். இறைச்சியையோ தோலையோ வைத்திருந்தாலும் குற்றம்தான். கடை போட்டபிறகு யாராவது "ஒரு மான் இருக்கு, தோல் உரிச்சுக் குடு" என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சரி, உங்கள் கத்திக்கு வருவோம். பெரியமேட்டில் தோல் மண்டியில் தரம் பிரிப்பதுதான் என் தொழில். ஆடுதொட்டியிலிருந்து உப்புப் போட்டு வரும் தோலை மேசையில் சதைப்பக்கம் மேலே இருக்கும்படி விரிப்போம், அப்புறம் வாசல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்போம். எந்தக் கத்தியால் உரித்தது, அந்தக் கத்தி எந்த நிலையில் இருந்தது என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். வெளிச்சம் சின்னச் சின்னப் புள்ளியாகவும் கோடாகவும் ஒழுகினால் அது கூர்முனைச் சூரியின் வேலை. ஓட்டை இல்லாமல் பக்கம் பக்கமாக நீளக் கீறல் ஓடியிருந்தால், நேரான அலகுள்ள கத்தியை ரம்பம் போல முன்னும் பின்னும் இழுத்திருக்கிறார்கள். ஓரமெல்லாம் பிய்ந்து, சதையும் கொழுப்பும் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தால் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, மழுங்கிய கத்தி.

இந்த மூன்றில் அந்த நீளக் கீறல்தான் மோசம். ஓட்டை கண்ணுக்குத் தெரியும், அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். கீறல் மேலாகப் பார்த்தால் தெரியாது. ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ பதனிட்டு, தோலை இயந்திரத்தில் சீவி மெல்லிசாக்கும்போது அந்தக் கோட்டில் பிளந்துகொள்ளும். அதற்குள் அவ்வளவு செலவும் செய்தாகிவிட்டது. அதனால்தான் மண்டியில் கீறல் தோல் என்றால் உடனே கீழ்த்தரத்தில் தள்ளிவிடுகிறோம். கொழுப்பு ஒட்டிய தோலுக்கு வேறு தொல்லை. கொழுப்பு இருக்கும் இடத்தில் உப்பு இறங்காது. நம் ஊர் வெயிலில் அந்த இடம் அழுக ஆரம்பித்து மயிர் கையோடு வந்துவிடும்.

"தோலுக்கு இப்போ என்ன விலை கிடைக்கிறது, இவ்வளவு பார்க்க?" என்று நீங்கள் கேட்கலாம். விலை இறங்கிவிட்டது உண்மைதான். பக்ரீத் சமயத்தில் தோல் மொத்தமாகக் குவியும்போது இன்னும் இறங்கும். ஆனால் விலை இறங்கிய சந்தையில் நல்ல தோலை மட்டும்தான் வாங்குவார்கள், கீறல் தோலைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதோடு, தோலில் ஆழமாகப் போகிற கத்தி இறைச்சியிலும் போகும். தொடை மேலே மெல்லிய சவ்வு ஒன்று பளபளவென்று இருக்குமே, அது கிழியாமல் இருந்தால் சதை காயாது, ஈரம் நிற்கும், கடையில் தொங்கவிட்டாலும் பார்க்க நன்றாக இருக்கும். அது கிழிந்த தொடை மதியத்துக்குள் கறுத்துவிடும். வாங்க வருகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான்.

அதனால் கத்தியை எடுத்துப் பார்க்கும்போது "எவ்வளவு நன்றாக வெட்டும்?" என்று பார்க்காதீர்கள். "வெட்டக்கூடாத இடத்தில் வெட்டாமல் இருக்குமா?" என்று பாருங்கள். தோல் உரிப்பதில் கத்திக்கு வேலை கொஞ்சம்தான். பின்னங்கால் உள்பக்கம் வழியாக ஒரு கோடு, வயிற்றின் நடுவே ஒரு கோடு, முன்னங்காலிலிருந்து நெஞ்சுக்கு ஒரு கோடு போட்டுத் திறக்கக் கத்தி வேண்டும். நெஞ்சுப் பகுதியிலும் வால் அடியிலும் தோல் இறுக்கமாக ஒட்டியிருக்கும், அங்கேயும் வேண்டும். மற்ற இடமெல்லாம் கைமுட்டியால் தள்ளித்தான் உரிக்க வேண்டும். அதுவும் உடம்புச் சூடு ஆறுவதற்குள். சூடாக இருக்கும்போது விலாவிலும் முதுகிலும் தோல் முட்டிக்கு வழிவிட்டுக் கழன்று வரும், ஆறிவிட்டால் பிடித்துக்கொள்ளும். தோலில் விலை உள்ள பகுதி முதுகும் பிட்டமும்தான். அங்கே கத்தி போகவே கூடாது. காலில் துளை போட்டு வாயால் ஊதித் தோலை உப்ப வைக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள், வாய்க்காற்று நேரே இறைச்சிக்குள் போகிறது.

இந்த வேலைக்கு ஐந்து அங்குல அலகு போதும், ஆறுக்கு மேல் வேண்டாம். அடிப்பாகம் நேராக வந்து, முனைப்பக்கம் நன்றாக வளைந்து மேலே ஏற வேண்டும். அந்த வளைவுதான் தோல் உரிக்கும் கத்தியின் அடையாளம். வளைந்த வாயில் ஒரு நேரத்தில் ஒரு சின்ன இடம்தான் சவ்வில் படும், மணிக்கட்டைத் திருப்பினால் அது தானாக நழுவி அடுத்த இடத்துக்குப் போகும். நேர்வாய்க் கத்தியில் நீளமாகப் படும், அழுத்தம் கொடுக்க வேண்டிவரும், அப்புறம் நான் சொன்ன அந்தக் கோடுகள்தான். முனை ஊசி போல இருக்கக் கூடாது. சற்றே உருண்டிருக்கலாம். கடைக்காரர் ஊசிமுனைக் கத்தியைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார், எலும்பிலிருந்து கறி எடுக்க அது நல்ல கத்தி. தோலுக்கு வேண்டாம். முதுகுத் தடிமன் இரண்டு மில்லிமீட்டர் அளவில் இருந்தால் சரி.

எஃகு பற்றிப் பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, லாரி ஸ்பிரிங் பட்டையில் கொல்லர் அடித்துக் கொடுக்கும் கத்தி. தோய்ச்சல் (காய்ச்சிக் குளிரவைத்துப் பதம் ஏற்றுவது) சரியாகப் போட்டிருந்தால் அருமையாக வெட்டும், கல்லில் நாலு இழு இழுத்தால் கூர் வந்துவிடும், விலையும் கம்மி. ஆனால் துருப்பிடிக்கும். ராயபுரம், காசிமேடு, கொடுங்கையூர் என்று கடற்காற்று படுகிற நம் பக்கத்தில், ஈரத்தோடு ஒரு ராத்திரி வைத்தால் காலையில் செம்பட்டை பூத்திருக்கும். இரண்டாவது, துருப்பிடிக்காத எஃகில் கசாப்புக்கென்றே வரும், பிளாஸ்டிக் பிடி போட்ட கத்தி. விக்டோரினாக்ஸ் போன்ற வெளிநாட்டுக் கம்பெனிகள் இதே வளைந்த வடிவத்தில் செய்கின்றன, நல்ல கத்திகள்தான், உங்கள் எழுநூறுக்குள் வராது. அதே வடிவில் உள்நாட்டுக் கத்திகள் இருக்கின்றன. நான் உங்களுக்குச் சொல்வது இந்த இரண்டாவது வகை, உள்நாட்டுக் கத்தி. காரணம், நீங்கள் உணவு உரிமம் வாங்கிக் கடை போடப்போகிறீர்கள். உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி கருவிகள் துருப்பிடிக்காதவையாக, சுலபமாகக் கழுவக்கூடியவையாக இருக்க வேண்டும். மரப்பிடி ரத்தத்தையும் கொழுப்பையும் குடித்துக்கொண்டு உள்ளே நாறும், பூண் இருக்கும் இடுக்கில் என்ன கழுவினாலும் அழுக்குப் போகாது.

கசாப்புக் கத்தியின் கடினம் ராக்வெல் அளவில் 54 முதல் 57 வரை இருந்தால் போதும். அட்டைப்பெட்டியில் போட்டிருந்தால் பாருங்கள். 60-க்கு மேல் போனால் கூர் நிற்கும்தான், ஆனால் எலும்பில் இடித்தால் வாய் சில்லுச் சில்லாகத் தெறிக்கும், தீட்டவும் நேரம் பிடிக்கும். ஆன்லைனில் அலை அலையாகக் கோடு போட்டு "டமாஸ்கஸ்" என்று மலிவாக வருகிறதே, அதில் நிறையக் கத்திகளில் அந்தக் கோடு மேலே அச்சடித்தது. அதன் பக்கமே போகாதீர்கள்.

வாங்க பாரிமுனைப் பக்கம் போங்கள். பிராட்வே, ஈவினிங் பஜார், ரத்தன் பஜார் தெருக்களில் ஓட்டலுக்கும் கசாப்புக் கடைக்கும் சாமான் விற்கும் கடைகள் இருக்கின்றன. கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். முதுகைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து அலகு கோணாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிடிக்குள் அலகின் வால் கடைசிவரை போகிறதா, பாதியிலேயே நின்றுவிட்டதா என்று கேளுங்கள். பாதியில் நின்றது கொஞ்ச நாளில் ஆட ஆரம்பிக்கும். அப்புறம் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு பிடித்துப் பாருங்கள், கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆடுதொட்டியில் உங்கள் கை எப்போதும் கொழுப்பும் ரத்தமுமாகத்தான் இருக்கப்போகிறது. பிடிக்கு முன்பக்கம் விரல் நழுவாமல் தடுக்கும் மேடு ஒன்று கண்டிப்பாக இருக்க வேண்டும். முனை எலும்பில் இடித்து நின்றால் கை முன்னே வழுக்கும், அந்த மேடு இல்லாவிட்டால் நேராக வாயில்தான் போய் விழும்.

நீங்கள் இடதுகை என்று சொன்னது நல்லதாகப் போயிற்று. உள்ளூர்க் கத்திகள் சிலவற்றில் சாணை ஒரு பக்கம் மட்டும் போட்டிருக்கும், அது வலதுகைக்காரர்களுக்கான கணக்கு. உங்கள் கையில் அது தோல் பக்கமாகவே திரும்பித் திரும்பி ஓடும். என்ன ஜாக்கிரதையாக இருந்தாலும் கீறல் விழுந்துகொண்டே இருந்தால் பழியை உங்கள் கைமேல் போட்டுக்கொள்ளாதீர்கள், காரணம் அந்தச் சாணைதான். வாயை நேராக, கண்ணுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் சரிவு ஒரே மாதிரி இருக்கிற கத்தியாக எடுங்கள். சித்தப்பா கத்தியையும் இப்படி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எழுநூறு ரூபாயையும் கத்தியிலேயே போட்டுவிடாதீர்கள். ஏறக்குறைய பாதியைக் கல்லுக்கு ஒதுக்குங்கள். ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் வழவழப்புமாக இருக்கும் கார்போரண்டம் கல் ஒன்று, ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனியின் தொழிற்சாலையே நம் திருவொற்றியூரில்தான் இருக்கிறது. நடுத்தரக் கத்தியும் நல்ல கல்லும் வைத்திருப்பவர் அனுப்பும் தோல், விலைகூடிய கத்தியை வாரக்கணக்கில் தீட்டாமல் ஓட்டுகிறவர் தோலைவிடச் சுத்தமாக வருவதை மண்டியில் நான் எப்போதும் பார்க்கிறேன்.

தீட்டுவதைச் சித்தப்பா சொல்லிக்கொடுத்திருப்பார், ஆனாலும் வளைந்த வாய்க்கு ஒரு விஷயம் உண்டு. கல்லை நனைத்து, ஈரத் துணிமேல் நகராமல் வையுங்கள். கத்தியைக் கல்மேல் படுக்க வைத்து, முதுகை மட்டும் சற்றுத் தூக்குங்கள். பக்கத்துக்கு இருபது டிகிரி வந்தால் போதும், அதாவது செங்குத்தில் பாதி, அந்தப் பாதியிலும் பாதிக்குச் சற்றுக் கீழே. அடியிலிருந்து இழுத்துக்கொண்டு வரும்போது வளைவு தொடங்கும் இடத்தில் பிடியை மெல்ல உயர்த்த வேண்டும். உயர்த்தாவிட்டால் வளைவு கல்லில் படாமலே போய்விடும். நமக்கு வேண்டியதே அந்த வளைவுதான், பெரும்பாலான கத்திகளில் மழுங்கிக் கிடப்பதும் அதுதான். ஒரு பக்கம் தீட்டியபின் மறுபக்கம் விரலை முதுகிலிருந்து வாய்ப்பக்கமாகத் தடவினால் பிசிர் தட்டும். அது அடியிலிருந்து முனைவரை தொடர்ச்சியாகத் தட்டினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. அப்புறம் மறுபக்கம். கடைசியில் வழவழப்புப் பக்கத்தில் லேசாக இழுத்துப் பிசிரை எடுத்துவிடுங்கள். முகச்சவரக் கத்தி போல மெருகேற்ற வேண்டாம், தோலுக்கும் சவ்வுக்கும் சற்றே பிடிமானம் உள்ள வாய்தான் நன்றாக ஓடும். சரியாக வந்ததா என்று பார்க்க, விளக்குக்குக் கீழே வாயை நேராகப் பிடியுங்கள். மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும், கூரான இடம் மின்னாது.

தெருவில் வரும் மோட்டார் சாணைக்குக் கொடுப்பதாக இருந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். தீப்பொறி பறக்கப் பறக்க அழுத்திக்கொண்டே போனால் வாய் சூடேறி முதலில் வைக்கோல் நிறமாகும், பிறகு பழுப்பு, அப்புறம் நீலம். நீலம் பூத்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது, பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. தண்ணீரில் முக்கி முக்கிப் பிடிக்கிற சாணைக்காரரிடம் மட்டும் கொடுங்கள்.

உரிக்கும்போது கத்தியின் கூர்மையைக் காப்பாற்றுவது ஒரே ஒரு பழக்கம். மயிர்ப்பக்கத்திலிருந்து வெட்டாதீர்கள். சின்னத் துளை போட்டதும் அலகை உள்ளே விட்டு, வாய் மேலே பார்க்கும்படி திருப்பி, உள்ளிருந்து வெளியே வெட்டிக்கொண்டு போங்கள். ஆட்டு மயிரில் மண்ணும் மணலும் நிறைய இருக்கும், மேலிருந்து வெட்டினால் ஒரே ஆட்டில் வாய் போய்விடும். உள்ளிருந்து வெட்டினால் வெட்டுப்பட்ட மயிரும் கறியில் ஒட்டாது. மான் உரிப்பவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள்.

வேலை முடிந்ததும் முதலில் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். எடுத்தவுடன் வெந்நீர் ஊற்றினால் ரத்தம் வெந்து கத்தியில் பற்றிக்கொள்ளும். அதன்பிறகு சோப்பு, அப்புறம் கொதிக்கக் கொதிக்க வெந்நீர், கடைசியில் உலர்ந்த துணி. தோலுக்கு உப்புப் போட்ட கையோடு கத்தியைத் தொடாதீர்கள், உப்பு பட்டால் துருப்பிடிக்காத எஃகிலும் புள்ளி விழும். தோலைப் பிடிக்கும் கைக்கு, உங்களுக்கு வலது கை, வெட்டுத் தாங்கும் கையுறை ஒன்று பின்னால் பணம் வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள். கையில் வெட்டுப் பட்டால் கழுவிக் கட்டிவிட்டு அப்படியே விடாமல் டெட்டனஸ் ஊசி போட வேண்டுமா என்று அன்றைக்கே மருத்துவரிடம் கேளுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இருட்டோடு வண்டியில் கத்தி எடுத்துக்கொண்டு புளியந்தோப்புக்குப் போவீர்கள். ஆயுதச் சட்டத்தின் கீழ் ஒன்பது அங்குல நீளத்தையோ இரண்டு அங்குல அகலத்தையோ தாண்டிய கத்திகள் ஆயுதக் கணக்கில் வரலாம், வீட்டு வேலைக்கும் தொழிலுக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. உங்கள் ஐந்து அங்குலக் கத்தி அந்த அளவை எட்டவே எட்டாது. ஆனாலும் நம் பக்கத்தில் ராத்திரி வண்டிச் சோதனை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இடுப்பிலோ சீட்டுக்கு அடியிலோ செருகாதீர்கள். உறைபோட்டு, கல்லும் கையுறையும் ஏப்ரனும் இருக்கிற பையிலேயே வையுங்கள். கத்தி வாங்கிய பில், கடை உரிமத்தின் நகல் இரண்டும் அதே பையில் இருக்கட்டும்.